கெய்கோகி முதல் ஹகாமா வரை: ஜப்பானியப் பயிற்சி உடைகளின் பெயர்களை அறிந்து பயன்படுத்தும் முறை

ஜப்பானியத் தற்காப்புக் கலை ஒன்றைக் கற்கத் தொடங்கும் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே வெள்ளை உடை ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதன் பெயரைக் கேட்டால் ‘கராத்தே டிரெஸ்’ என்பார்கள், சற்றுப் பழகியவர்கள் ‘கி’ என்பார்கள். முன்னது எவருக்கும் புரியும் பொதுப்பெயர், அதில் குறையில்லை. பின்னதோ ஜப்பானிய மொழியில் தனித்து நிற்கும் சொல்லே அன்று. அணிதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த அந்த ஓரெழுத்து, மற்றொரு சொல்லின் பின்னே ஒட்டி நிற்கும்போதுதான் உடையைக் குறிக்கும். தனியே சொன்னால் ஜப்பானியர் ஒருவரின் காதில் அது அரைச்சொல்லாகவே விழும். இந்த உடைகளின் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படி இரண்டு மூன்று உறுப்புகள் சேர்ந்து அமைந்தவை. அந்த உறுப்புகளைப் பிரித்தறியப் பழகினால், எந்தக் கடையில் எதைக் கேட்பது, எதை எப்படி உடுத்துவது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும் என்பதை என் பயிற்சிக் காலம் முழுவதும் கண்டிருக்கிறேன். ஆகவே இந்தக் கட்டுரையில் பெயர்களை உடுத்தும் வரிசையோடு சேர்த்தே விளக்குகிறேன்.

முதலில் முழுப்பெயர்

எல்லாக் கலைகளுக்கும் பொருந்தும் பொதுப்பெயர் கெய்கோகி. கெய்கோ என்றால் பயிற்சி. அதை எழுதும் இரண்டு எழுத்துகளையும் சொல்லுக்குச் சொல் பார்த்தால், பழமையை எண்ணிப்பார்த்தல் என்று பொருள்படும். முன்னோர் செய்ததை மீண்டும் மீண்டும் செய்து உணர்வதே பயிற்சி என்ற கருத்து அதில் இருப்பதால், தேநீர்ச் சடங்கு, இசை, நடனம் ஆகியவற்றின் பயிற்சிக்கும் ஜப்பானியர் இதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். கெய்கோவின்போது அணிவது கெய்கோகி. இதற்கு இணையாக வழங்கும் மற்றொரு பெயர் டோகி. ஜூடோ, வாள்கலையான கெண்டோ, அய்கிடோ ஆகியவற்றின் ஈற்றில் நெறி என்ற பொருளில் நிற்கும் அதே ‘டோ’வோடு உடை என்னும் உறுப்பு சேர்ந்தது இது.

இரு சொற்களும் ‘கி’ என்று முடிவதில் ஓர் ஒலி நுட்பம் உண்டு. சொல்லின் முதலில் நிற்கும்போது அந்த உறுப்பு ‘கிளி’யில் வருவது போல வலிந்து ஒலிக்கும், கிமோனோ என்ற சொல்லின் முதலில் வருவது அதுதான், ‘அணியும் பொருள்’ என்பதே அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். வேறொரு சொல்லின் பின்னே சேரும்போது அது ‘சங்கிலி’யில் வரும் கியாக மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தை ரெந்தாகு என்பார்கள். பூவும் கடையும் சேர்ந்து பூக்கடை ஆகும்போது நம் மொழியில் வல்லினம் மிகுகிறது. அங்கே பெரும்பாலும் வருமொழியின் முதலொலி இவ்வாறு திரிகிறது. புணர்ச்சிக்குப் பழகிய தமிழ்க் காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நம் எழுத்தில் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே ககரம் என்பதால், சொற்களைக் கேட்டுப் பழகுவது அவசியம். கெய்கோகியில் ‘கோ’ வலியது, ‘கி’ மெலிந்தது. ஹகாமாவில் உள்ள ‘கா’ வலியது. ஆனாலும் ‘ஹக்காமா’ என்று இரட்டித்து அழுத்தக் கூடாது. ஓபியில் வரும் ‘பி’ கோபிசெட்டிப்பாளையத்தின் ‘பி’ போன்றது.

பெயரிடும் விதி எளிது. கலையின் பெயருக்குப் பின் ‘கி’ சேர்த்தால் அக்கலையின் உடை கிடைக்கும்: ஜூடோகி, கராத்தேகி, அய்கிடோகி, கெண்டோகி, கியூடோகி. ஈற்றில் ‘கி’க்குப் பதிலாகக் ‘கா’ வந்தால் அது பயில்பவரைக் குறிக்கும். ஜூடோகா என்றால் ஜூடோ பயில்பவர், ஜூடோகி என்றால் அவர் அணியும் உடை. எழுத்தில் காணும்போது இந்த ‘கி’யை அணிதல் என்ற எழுத்தாலும் ஆடை என்ற எழுத்தாலும் எழுதுவார்கள், ஜூடோவின் விதிநூல்களில் பின்னதே வழக்கம். இரண்டும் ஒரே பொருள்தான் என்பதால், பெட்டியின் மேல் வேறு எழுத்து இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை. பிரேசிலில் வளர்ந்த ஜியூஜிட்சு மரபில் இதே உடையைக் கிமோனோ என்று அழைக்கிறார்கள். அந்த நாட்டில் அது நிலைத்துவிட்ட வழக்கு. ஜப்பானில் கிமோனோ என்று கேட்டால் முற்றிலும் வேறோர் உடையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

உவாகி, ஷிதபகி, ஓபி

வெள்ளைப் பயிற்சி உடை மூன்று உறுப்புகளைக் கொண்டது. மேற்சட்டை உவாகி, ‘உவா’ என்பது மேல். அன்றாட ஜப்பானியத்தில் கோட்டு போன்ற மேலாடைக்கும் இதே பெயர்தான், எனவே துணிக்கடையில் வெறுமனே உவாகி என்று கேட்டால் அலுவலகத்துக்கு அணியும் கோட்டைக் காட்டக்கூடும். ஜூடோகியின் உவாகி, கராத்தேகியின் உவாகி என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கால்சட்டையை ஷிதபகி என்பார்கள், கீழே அணிவது என்று பொருள். ஜுபோன் என்ற பெயரும் சரிசமமாக வழங்குகிறது. பிரெஞ்சு மொழியில் பாவாடையைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து அது வந்ததாகச் சொல்வது வழக்கம். இடுப்பில் கட்டும் பட்டை ஓபி.

உவாகியின் பகுதிகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. கழுத்தைச் சுற்றி மார்பின் குறுக்கே இறங்கும் தடித்த விளிம்பு எரி. கை சோதே, கையின் வாய் சோதேகுச்சி. உடையின் கீழ்விளிம்பு சுசோ. சட்டைக்கும் கால்சட்டைக்கும் ஹகாமாவுக்கும் இது பொது. ஜூடோ பயில்பவர் இவற்றை அறியாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாது. எரியைப் பற்றி எதிராளியைத் தூக்கும் கைக்கு சுரிதே என்றும், சோதேயைப் பற்றி இழுக்கும் கைக்கு ஹிகிதே என்றும் பெயர்; ஆசிரியர் ஹிகிதேயை விடாதே என்று சொல்லும்போது அவர் கையைச் சொல்கிறாரா, உடையைச் சொல்கிறாரா என்று குழம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் சொல்வது கையை.

உடுத்தும் முறைக்கு வருவோம். ஷிதபகியை முதலில் அணிந்து, இடுப்பிலுள்ள நாடாவை இழுத்து முடியுங்கள். நாடாவின் பெயர் ஹிமோ. பிறகு உவாகியை அணிந்து, வலப்பக்க மடிப்பை முதலில் உடலோடு ஒட்ட வைத்து, அதன் மேல் இடப்பக்க மடிப்பைக் கொண்டுவாருங்கள். கராத்தேகியில் பக்கவாட்டில் சிறு ஹிமோக்கள் இருந்தால், உள்ளே இருப்பதை முதலிலும் வெளியே இருப்பதைப் பின்னரும் கட்ட வேண்டும். இடது மேலாக அமையும் இந்த முறைக்கு மிகிமாயே என்று பெயர். மிகி என்றால் வலது, மாயே என்றால் முன். ‘இடதுதானே மேலே இருக்கிறது, பிறகு ஏன் வலது முன் என்கிறார்கள்?’ என்ற கேள்வி எழும். இங்கே முன் என்பது இடத்தைக் குறிக்காமல் காலத்தைக் குறிக்கிறது: எந்தப் பக்கம் முந்தி உடலைத் தொடுகிறதோ அதன் பெயரே முறைக்கும் பெயர். இதை ஒருமுறை மனத்தில் இருத்திக்கொண்டால் பிறகு தவறவே தவறாது.

இதற்கு எதிரானது ஹிதாரிமாயே, இடது முந்தியது. ஜப்பானில் இறந்தவரின் உடலுக்கு அணிவிக்கும் முறை இதுதான். எனவே பயிற்சிக்கூடமாகிய டோஜோவுக்குள் யாராவது உவாகியை இப்படி மாற்றி அணிந்து வந்தால், மூத்தவர்கள் உடனே திருத்துவார்கள். அதைக் கடுமை என்று எண்ணாமல் அக்கறை என்று கொள்ள வேண்டும். வலப்பக்கம் முந்தி வரும்படி மக்கள் அனைவரும் உடுத்த வேண்டும் என்று 719ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசவை ஆணையிட்டது பழைய வரலாற்றுக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அந்த முறை மாறவில்லை. மேலைநாட்டுச் சட்டைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொத்தான் பக்கம் மாறுவது போல இங்கே மாறுவது கிடையாது. பெண்களும் மிகிமாயேதான்.

துணியின் பெயர்கள்

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் கோடோகான் என்னும் தம் ஜூடோப் பள்ளியைத் தொடங்கியபோது இருந்த ஜூடோகி இன்றையதைப் போல் இல்லை. சட்டைக்கை முழங்கையோடு நின்றது, கால்சட்டை முழங்காலுக்கு மேலேயே முடிந்தது. தரையில் உராய்ந்து தோல் கிழிவதைத் தடுக்கவும், பிடிப்பதற்கு வசதியாகவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டையும் நீட்டினார்கள். 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ வந்து கராத்தேயை அறிமுகப்படுத்திய ஃபுனாகோஷி கிச்சின் காலத்தில், இந்த ஜூடோகியைப் பின்பற்றித்தான் கராத்தேகி உருவானது. அதற்கு முன் ஒகினாவாவில் கராத்தேக்கென்று தனி உடை இருக்கவில்லை. ஆனால் கராத்தேயில் எதிராளி துணியைப் பற்றி எறிவது முதன்மையான செயல் அன்று என்பதால், மெல்லிய பருத்தித் துணியே போதுமானதாயிற்று. இந்தக் காரணத்தால்தான் கராத்தேகியோடு ஜூடோ வகுப்புக்குப் போகக் கூடாது; ஒரே வகுப்பில் தோள் தையல் விட்டுப்போகும்.

ஜூடோகியின் மேற்பகுதித் துணியின் பெயர் சாஷிகோ. ஏழை உழவர்கள் துணிகளை அடுக்கிக் கைத்தையலால் வலுப்படுத்திய பழைய முறையின் பெயர் அது. இன்று அதே தோற்றத்தைத் தறியிலேயே நெய்துவிடுகிறார்கள், நெல்மணிகளைப் பரப்பியது போன்ற புடைப்புகளால் அடையாளம் காணலாம். இடுப்புக்குக் கீழே வரும் சாய்சதுரக் கோலமுள்ள மெல்லிய பகுதி ஹிஷிஜாஷி. ஹிஷி என்றால் சாய்சதுரம். கனம் குறைந்த ஒற்றை நெசவு ஹிதோயே, கனத்த இரட்டை நெசவு ஃபுதாயே. வெளுக்காத பருத்தியின் இயல்பான மங்கல் நிறம் கினாரி, வெளுத்த வெள்ளை சராஷி. தொடக்கநிலையில் இருப்பவர் ஹிதோயே வாங்குவதே நல்லது என்பது என் கருத்து; ஃபுதாயே விரைவில் உலராது, வியர்வையில் ஊறியபின் அதன் எடை உடலை அயர்த்திவிடும். பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பு 1997இல் நீல ஜூடோகியையும் ஏற்றுக்கொண்டது. அதனால் பன்னாட்டுப் போட்டிகளில் ஒருவர் வெள்ளையும் மற்றவர் நீலமும் அணிகிறார்கள். உள்ளூர்ப் பயிற்சிக்கு வெள்ளை ஒன்றே போதும்.

ஓபியைக் கட்டுதல்

பயிற்சி உடையின் ஓபி ஏறத்தாழ 4 முதல் 5 சென்டிமீட்டர் அகலம் கொண்டது. அதன் நடுவை வயிற்றில், தொப்புளுக்குச் சற்றுக் கீழே வைத்து, இரு முனைகளையும் முதுகுப்பக்கம் சுற்றி முன்னே கொண்டுவந்து, மேலே கிடக்கும் முனையை இரண்டு சுற்றுகளுக்கும் அடியில் செருகி மேலே இழுத்து, பிறகு இரு முனைகளையும் மறுபடி முடிய வேண்டும். முனைகள் கிடைமட்டமாக இரு பக்கமும் நீண்டு, முடிச்சு தட்டையாக அமைந்தால் அது ஹோன்முசுபி. முசுபி என்றால் முடிச்சு, ஹோன் என்றால் மெய்யானது. முனைகள் மேலும் கீழுமாக நிமிர்ந்து நின்றால் அது தாதேமுசுபி, நெட்டுமுடிச்சு. இரண்டாம் முறை முடியும்போது முனைகளை எதிர்த்திசையில் கடத்தாமல் விட்டதன் விளைவு அது; அழகற்றது என்பதோடு பயிற்சியின் நடுவே அவிழ்ந்தும் விடும். ஜூடோப் போட்டியில் முடிச்சிலிருந்து தொங்கும் முனைகள் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும் என்பதால், வாங்கும்போதே இடுப்பளவுக்கு ஏற்ற நீளத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நிறத்தின் பெயரை முன்னே சேர்த்தால் வெள்ளை ஷிரோஓபி, கறுப்பு குரோஓபி. கோடோகான் ஜூடோவில், கறுப்புப் பட்டை முதல் எண்ணப்படும் தகுதிப் படிகளான டான்களில், ஆறாம் டான் முதல் எட்டாம் டான் வரை சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் கோஹாகு ஓபியும், ஒன்பது, பத்தாம் டான்களுக்குச் சிவப்பு ஓபியும் உரியவை. வாள் உருவும் கலையான இயாய்டோவிலும் வில்கலையான கியூடோவிலும் ஓபி என்றால் இவை எதுவும் அன்று. அங்கே கட்டுவது காகுஓபி, அகலமும் நீளமும் கூடிய விறைப்பான பட்டை. அதை இடுப்பில் சுற்றி, பின்னால் ‘காய் நோ குச்சி’ என்ற முடிச்சால் கட்டும் வழக்கம் உண்டு; சிப்பியின் வாய் என்று பொருள், வடிவத்தைப் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும். இயாய்டோவில் வாளுறையைத் தாங்குவது இந்த ஓபிதான், ஆகவே ஜூடோ ஓபியைக் கட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம்.

ஹகாமா

இந்த உடைகளிலேயே பெயர்கள் நிறைந்ததும், உடுத்துவதற்குப் பொறுமை வேண்டுவதும் ஹகாமாதான். மடிப்புகள் வைத்துத் தைத்த, கணுக்கால் வரை இறங்கும் அகன்ற கீழாடை அது. இரண்டு வகை உண்டு. கால்கள் பிரிந்து கால்சட்டை போல் அமைந்தது உமானோரி. குதிரை ஏறுவதற்கானது என்று பொருள். பிரிவில்லாமல் பாவாடை போல் அமைந்தது அந்தோன். காகித விளக்கின் கூட்டைப் போல உள்ளே வெறுமையாக இருப்பதால் அந்தப் பெயர். பயிற்சிக்கு வேண்டியது உமானோரி. கடையில் ஹகாமா என்று மட்டும் சொன்னால், பட்டமளிப்பு விழாவுக்குப் பெண்கள் அணியும் அந்தோன் ஹகாமாவைக்கூட எடுத்துத் தரலாம்.

அதன் உறுப்புகளைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகுங்கள். மடிப்பின் பெயர் ஹிதா. முன்புறம் ஐந்து, பின்புறம் ஒன்று. பின்னால் இரண்டு மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கோடாகத் தெரிவதால் மொத்தம் ஏழு என்று எண்ணுவாரும் உண்டு. அந்த ஏழுக்கும் ஏழு நற்பண்புகளைப் பொருத்திச் சொல்லும் விளக்கம் அய்கிடோ, கெண்டோ கூடங்களில் பரவலாக வழங்குகிறது. மடிப்புகள் தோன்றியது அதற்காகத்தான் என்று நான் கொள்வதில்லை. ஆனால் மடிப்பைக் கலையாமல் வைத்துக்கொள்ளும் அக்கறையை அந்த விளக்கம் வளர்ப்பதால், அதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களை மதிக்கிறேன். பின்புறம் மேலே உள்ள விறைப்பான பலகை போன்ற பகுதி கோஷிஇதா. கோஷி என்றால் இடுப்பு, இதா என்றால் பலகை. அதன் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு தகடு ஹெரா. கியூடோவில் பெண்கள் அணியும் ஹகாமாவில் பெரும்பாலும் கோஷிஇதா இருப்பதில்லை, அதைச் சற்று மேலே ஏற்றியும் கட்டுவார்கள். முன்பகுதியிலிருந்து நீளும் நாடாக்கள் முன் ஹிமோ, பின்பகுதியிலிருந்து நீள்பவை பின் ஹிமோ. முன்னவை எப்போதும் நீளமானவை.

அளவு கேட்கும்போது ஒரு சொல் உங்களைக் காப்பாற்றும்: ஹிமோஷிதா. முன் ஹிமோவுக்குக் கீழிருந்து சுசோ வரையுள்ள நீளம் அது. எனது முதல் ஹகாமாவுக்கு நான் வழக்கமான கால்சட்டையின் உட்கால் நீளத்தைச் சொல்லி வாங்கியதால், அது கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. இடுப்பெலும்பின் முனையிலிருந்து கணுக்கால் எலும்பு வரை அளந்து, அந்த எண்ணைச் சொல்லுங்கள். கெண்டோ ஹகாமாக்களில் 24, 25, 26 என்று அச்சிட்டிருக்கும் எண்கள் பழைய துணி அளவைச் சேர்ந்தவை. துணி அளக்கப் பயன்பட்ட குஜிராஜாகு என்னும் கோலில் ஒரு சுன் ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர்; ஆகவே 25 என்றால் சுமார் 95 சென்டிமீட்டர், 26 என்றால் சுமார் 99 சென்டிமீட்டர். இந்தக் கணக்கு கையில் இருந்தால் எந்தக் கடைக்காரரிடமும் தயங்காமல் பேசலாம்.

உடுத்தும்போது இடக்காலை முதலில் விடுவது மரபு, கழற்றும்போது வலக்காலை முதலில் எடுப்பார்கள். இரு கால்களும் தத்தம் பிரிவுக்குள் சென்றிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; அகலமான துணியில் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுவது மிக எளிது. முன்பகுதியை இடுப்பில் பொருத்தி, முன் ஹிமோக்களைப் பின்னே கொண்டுபோய்க் குறுக்கிட்டு, முன்னே கொண்டுவந்து தொப்புளுக்குக் கீழே ஒரு விரல் அகலம் தள்ளி மறுபடி குறுக்கிட்டு, மீண்டும் பின்னே கொண்டுபோய் இறுக்கிக் கட்டுங்கள். இனி ஹெராவின் முறை: உள்ளே ஓபி கட்டியிருந்தால் அதற்குள்ளும், கெண்டோவில் போல ஓபி இல்லாவிட்டால் சுற்றியிருக்கும் முன் ஹிமோவுக்குள்ளும் அதைச் செருகினால், கோஷிஇதா முதுகோடு ஒட்டிச் சரியாமல் நிற்கும். இறுதியாகப் பின் ஹிமோக்களை முன்னே கொண்டுவந்து எல்லாச் சுற்றுகளையும் சேர்த்து ஹோன்முசுபியால் முடிந்து, மிஞ்சும் முனைகளைப் பக்கவாட்டில் செருகிவிடுங்கள். முன் சுசோ சற்றுத் தாழ்ந்தும் பின் சுசோ சற்று உயர்ந்தும் இருப்பதே நல்ல உடுப்பு என்பது கெண்டோக்காரர்களின் அளவுகோல். பின்புறம் தாழ்ந்தால் பின்வாங்கும்போது குதிகால் சுசோவை மிதித்துவிடும், எனவே இது அழகை மட்டும் பற்றிய விதி அன்று.

அய்கிடோவில் பல கூடங்களில் முதல் டான் பெற்ற பிறகே ஹகாமா அணிவார்கள், சில கூடங்களில் முன்பே அணியவிடுவார்கள். உங்கள் கூடத்தின் வழக்கத்தைக் கேட்டறிந்து வாங்குங்கள்.

கெண்டோவும் மற்றவையும்

கெண்டோவில் கெய்கோகி என்றால் பெரும்பாலும் மேற்சட்டையை மட்டும் குறிக்கும், கீழே ஹகாமா. மார்பின் இரு பக்கமும் உள்ள சிறு நாடாக்கள் முனாஹிமோ. முனா என்பது மார்பு. மரபான நிறம் அவுரிச்சாயத்தின் கருநீலம், அந்தச் சாயமிடுதலுக்குப் பெயர் அய்ஜோமே. சைதாமா மாநிலத்தின் ஹன்யூ பகுதி இதற்குப் பேர்பெற்றது. அய்ஜோமே துணி தொடக்கத்தில் சாயம் விடும், கையும் கழுத்தும் நீலமாகும். குளிர்ந்த நீரில் சோப்பில்லாமல் தனியே அலசி, நிழலில் உலர்த்தினால் நாளடைவில் குறையும். டெட்ரான் என்ற பெயர் கண்டால் அது பாலியெஸ்டர் வகை. மடிப்பு கலையாது, சாயம் போகாது, ஆனால் பருத்தியைப் போல் உடலோடு இழைந்து விழாது.

மேலே அணியும் காப்புகளை உடையோடு சேர்த்து எண்ணக் கூடாது; அவை போகு. முகத்துக்கு மென், கைகளுக்குக் கோதே, மார்புக்கும் வயிற்றுக்கும் டோ, இடுப்புக்குத் தாரே. இந்த டோ உடற்பகுதியைக் குறிக்கும் சொல். கெண்டோவின் ஈற்றில் வரும் நெறி என்ற டோ வேறு, ஒலி மட்டுமே ஒன்று. மென்னுக்குள் தலையில் சுற்றும் மெல்லிய பருத்தித் துண்டு தெனுகுய், கை துடைப்பது என்று பொருள். தாரேயின் நடுவில் மாட்டும் பெயருறை ஜெக்கென் அல்லது நாஃபுதா.

கியூடோவில் அரைக்கை கொண்ட வெள்ளை உவாகி, காகுஓபி, ஹகாமா, காலில் பெருவிரல் பிரிந்த தபி என்னும் வெள்ளைக் காலுறை. நாண் இழுக்கும் கையின் தோலுறை யுகாகே. பெண்கள் மார்பில் அணியும் காப்பு முனேஆதே, முனே என்பதும் முனாவைப் போல மார்பே. உயர்நிலையினர் கிமோனோ அணிந்து எய்யும்போது, ஆண்கள் இடக்கையைச் சட்டைக்கையிலிருந்து வெளியே எடுப்பது ஹதாநுகி. பெண்கள் சட்டைக்கைகளை ஒரு நீண்ட பட்டையால் கட்டிக்கொள்வார்கள், அந்தப் பட்டை தாசுகி. குடும்பச் சின்னம் பொறித்த மொன்ட்சுகி என்னும் முறையான மேலாடையை இயாய்டோ விழாக்களிலும் காணலாம். நீண்ட பிடியில் வளைந்த அலகு கொண்ட ஆயுதத்தின் கலையான நகினாத்தாவில் வெள்ளை உவாகியும் கருநிற ஹகாமாவும் அணிவார்கள். கால் முன்னெலும்புக்குச் சுனேஆதே என்ற காப்பு கூடுதல், ஏனெனில் அங்கே காலையும் அடிக்கலாம்.

சுமோவில் அணிவது மவாஷி ஒன்றே. தொழில்முறைச் சுமோவில் ஜூரியோ நிலையிலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பயிற்சியில் வெள்ளைப் பருத்தி மவாஷியும், போட்டியில் ஷிமேகோமி என்னும் பட்டு மவாஷியும் கட்டுவார்கள். கீழ்நிலையினருக்கு இரண்டிலும் கறுப்புப் பருத்தியே.

வினைச்சொற்களும் மடிப்பும்

பெயர் தெரிந்தபின் வினையும் சரியாக அமைய வேண்டும். நாம் சட்டையைப் போடுகிறோம், வேட்டியைக் கட்டுகிறோம், சேலையை உடுத்துகிறோம். ஜப்பானியரும் உடலின் எந்தப் பகுதி என்பதைப் பார்த்தே வினையைத் தெரிந்தெடுக்கிறார்கள். உவாகிக்குக் ‘கிரு’, இடுப்புக்குக் கீழே அணியும் ஹகாமாவுக்கும் தபிக்கும் ‘ஹகு’, ஓபிக்கு இறுக்கிக் கட்டுதலைக் குறிக்கும் ‘ஷிமேரு’, போகுவுக்குப் பொருத்துதலைக் குறிக்கும் ‘சுகேரு’. ஷிதபகியின் ஈற்றுப்பகுதி இந்த ஹகுவிலிருந்து வந்தது. ரெந்தாகுவால் ஹகரம் பகரமாகிவிட்டது. ஷிமேகோமியின் தொடக்கத்தில் நிற்பது ஷிமேரு. பெயர்களுக்குள்ளேயே வினை ஒளிந்திருப்பதால் மனப்பாடம் செய்யும் சுமை குறைகிறது.

மடித்தலுக்குத் ‘ததாமு’ என்று பெயர். தரையில் விரிக்கும் ததாமிப் பாயின் பெயரும் இந்த வினையிலிருந்து பிறந்ததே. ஹகாமாவை மடிக்கும்போது முன்புறம் கீழே வருமாறு தரையில் விரித்துப் பின்புற ஹிதாவை நேராக்கி, அது குலையாதபடி பிடித்துத் திருப்பிப் போட்டு, முன்புற ஐந்து ஹிதாக்களையும் சுசோவிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொன்றாக நீவிவிடுங்கள். இரு பக்க ஓரங்களையும் உள்ளே மடித்து, சுசோவிலிருந்து மூன்றாக மடித்தால் கோஷிஇதா மேலே வரும். அதன்பின் நீண்ட முன் ஹிமோக்களை நான்காக மடித்துக் குறுக்காக வைத்து, பின் ஹிமோக்களை அவற்றின் மேல் சுற்றிச் செருகிவிட வேண்டும். பல கூடங்களில் ஆசிரியரின் ஹகாமாவை மாணவர்கள் மடித்துத் தருவது வழக்கம். அதற்காக ஒருவர் உங்களிடம் நீட்டும்போது இரு கைகளாலும் வாங்கி, கோஷிஇதா எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.